அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டை இயக்கிப் பாருங்கள்

கேள்வி: வாடகைக்கு ஒரு அப்பார்ட்மென்ட் பார்த்திருக்கிறோம். புதிதாகப் பெயின்ட் அடித்து, பார்க்க நன்றாக இருக்கிறது. உடனே அட்வான்ஸ் கொடுத்தால்தான் கிடைக்கும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். அதற்கு முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்த அவசரத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஒருநாள் அவகாசம் கேட்டு, இன்னொரு முறை போய்ப் பாருங்கள். முன்பு பகலில் போயிருந்தால் இப்போது இரவில் போங்கள். தெருச் சத்தம், மாடிப்படி வெளிச்சம், மேல்வீட்டு நடமாட்டம் எல்லாம் அப்போதுதான் தெரியும். பெரும்பாலானவர்கள் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். வீட்டை இயக்கிப் பார்த்தால்தான் அதன் குறைகள் வெளியே வரும்.

புதுப் பெயின்ட் என்றதும் எனக்கு முதலில் ஈரக்கசிவுதான் நினைவுக்கு வருகிறது. வீடு முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தால் பரவாயில்லை. ஒரே ஒரு சுவரிலோ கூரையின் ஒரு மூலையிலோ மட்டும் நிறம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரையும் ஜன்னலுக்குக் கீழே உள்ள பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருக்கிறதா, வெள்ளையாகப் பொடி உதிர்கிறதா? சுவருக்குள் ஊறும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, வெளியே காயும்போது அதை அங்கேயே விட்டுவிடும். அந்தப் பொடி அதுதான். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்வரை அது திரும்ப வரும். அலமாரிக் கதவுகளைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். பூசண வாடையைப் பெயின்ட் வாசம் அங்கே அவ்வளவாக மறைக்காது.

அடுத்து தண்ணீர். சமையலறைக் குழாய், ஷவர் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கழிப்பறையில் ஃப்ளஷ் செய்யுங்கள். ஷவரில் தண்ணீர் மெலிந்துபோனால் தினமும் காலையில் அந்த அவதிதான். தண்ணீர் ஓடும்போதே சிங்க்குக்கு அடியில் குனிந்து குழாய் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள், கசிந்தால் கையில் பட்டுவிடும்.

மின்சாரத்தில் ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அது ஓடினால், வேறு யாருடைய இணைப்போ உங்கள் மீட்டரில் இருக்கலாம், அல்லது வயரிங்கில் கோளாறு இருக்கலாம். அப்புறம் மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். ஆளைக் காப்பதற்காகப் பொருத்துவது பொதுவாக 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், குடிபோகும் முன் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் நான் அந்த வீட்டுக்குச் சம்மதிக்கவே மாட்டேன். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரையே பறித்துவிடும். கீசரை வெளியே மாற்றித் தந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். செல்போன் சிக்னல், ஜன்னல் கொக்கிகள், கதவுப் பூட்டு இவற்றைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வீடு பிடித்துவிட்டது. வாடகைக்கு விடுபவர்தான் உரிமையாளரா, இல்லை அவருடைய எழுத்துப்பூர்வ அதிகாரம் பெற்றவரா என்பதை ஆவணத்தில் பாருங்கள். வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். “அதெல்லாம் செய்து தந்துவிடுவோம்” என்று வாயால் சொன்னது எதுவானாலும் தேதியோடு ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். பராமரிப்புக் கட்டணம் வாடகையில் சேர்த்தியா, பழுதுச் செலவு யாருடையது, எத்தனை மாத முன்னறிவிப்பு, வாடகை எப்போது எவ்வளவு உயரும் என்பதும் அதில் இருக்கட்டும்.

அதிகமாகச் சண்டை வருவது அட்வான்ஸைத் திரும்ப வாங்கும்போதுதான். எந்தக் காரணத்துக்கெல்லாம் பிடித்துக்கொள்வார்கள், காலி செய்த எத்தனை நாளில் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். புழக்கத்தில் இயல்பாக வரும் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சாமான்களை இறக்கும் முன்பே, சுவர்க் கீறல், டைல்ஸ் விரிசல், மீட்டர் அளவு, கொடுத்த சாவிகள் என எல்லாவற்றையும் படமெடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பி, “பார்த்தேன்” என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.