அந்த வாக்கியம் அங்கே என்ன வேலை பார்க்கிறது?

கேள்வி: ஒரு வாதத்தில் எந்த வாக்கியம் முடிவு, எது ஆதாரம் என்று பிரிக்கும்போது, 'ஆகவே' என்று வந்தால் அதுதான் முடிவு என்று குறித்துவிடுகிறேன். பாதிக்குப் பாதி தப்பாகிறது.

'ஆகவே'க்குப் பின்னால் வருவது ஏதோ ஒரு முடிவுதான், கடைசி முடிவாக இருக்க வேண்டியதில்லை. "ராத்திரி மழை பெய்தது, ஆகவே களம் ஈரமாக இருக்கும், இன்றைக்கு நெல் காயப்போட வேண்டாம்." பேசுகிறவர் நம்மைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பது நெல் விஷயத்தில். களம் ஈரம் என்பது இடைமுடிவு. மழை அதைத் தாங்குகிறது, அது நெல்லைப் பற்றிய முடிவைத் தாங்குகிறது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி 'ஏன்?' என்று கேளுங்கள், எது பதிலாக வந்து நிற்கிறதோ அது ஆதாரம்.

கேள்வி: சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்குப் படிக்கிறேன். 1854 லண்டன் காலரா பற்றிய பயிற்சிப் பத்தியில் "பம்புக்குப் பக்கத்து மதுவடிசாலைத் தொழிலாளிகளுக்குக் காலரா வரவில்லை" என்பதை எதிர்ச்சான்று என்று போட்டேன். விடையில் ஆதாரம் என்கிறார்கள்!

விடை சரிதான், ஆனால் நீங்கள் தடுமாறிய இடம் எல்லோரும் தடுமாறுகிற இடம். அந்தக் காலராவை ஆராய்ந்த டாக்டர் ஜான் ஸ்னோவின் முடிவு, பிராட் தெரு பம்புத் தண்ணீர்தான் காலராவைப் பரப்பியது என்பது. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள் என்று மட்டும் படித்தால் அது அவருக்கு எதிராகத்தான் தெரியும். அடுத்த வரியைச் சேர்த்துப் படியுங்கள்: அவர்களுக்கு அங்கேயே பீர் கிடைத்தது, வளாகத்துக்குள் தனிக் கிணறும் இருந்தது, தெருப் பம்புக்கு அவர்கள் போகவே இல்லை. அப்போது அதே வாக்கியம் ஸ்னோவின் பக்கம் வந்துவிடுகிறது, அதோடு கெட்ட காற்றுதான் காரணம் என்ற அன்றைய கருத்தையும் அடிக்கிறது, ஏனென்றால் அந்தக் காற்றை இவர்களும்தானே சுவாசித்தார்கள்? ஹாம்ஸ்டெட்டில், பம்பிலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஒரு விதவை, ருசி பிடித்துப்போய் அந்தத் தண்ணீரையே தினமும் வரவழைத்துக் குடித்து, காலராவில் இறந்தார். அவர் கதை இதன் மறுபக்கம். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

கேள்வி: வாக்கியம் பொய் என்று தெரிந்தால் அது ஆதாரம் ஆகாது, சரியா?

இல்லை. வேலை வேறு, உண்மை வேறு. பொய்யான ஆதாரமும் அந்த வாதத்துக்குள் ஆதாரம்தான்.

கேள்வி: இதற்கெல்லாம் தமிழில் பழைய சொற்கள் உண்டா?

நிறைய. மணிமேகலையின் 29ஆம் காதையைத் திறந்து பாருங்கள். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது முடிவு; புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது ஆதாரம்; அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அடுக்களை இந்த மலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் என்பதற்கு நாம் கண்ணால் பார்த்த இடம் அது. ஏதுவையும் திட்டாந்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.