பின் சீட்டுக்காகச் செய்த கார்கள்: கேள்வி பதில்

நாகோயா பக்கம் ஒரு பாடி ஷாப்பில் ஒன்பது வருஷம் பெயின்ட் வேலை பார்த்தேன். டொயோட்டா செஞ்சுரி, செல்சியோர், நிசான் சிமா என்று ஜப்பானில் ஓடும் பெரிய செடான்கள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் தீராத பிரியம். கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சார், செஞ்சுரியை போட்டோவில் பார்த்தேன். பழைய அரசாங்கக் கார் மாதிரி ஒரு பெட்டி. 2018ல் வந்த மாடலுக்கு அப்போது 1 கோடியே 96 லட்சம் யென் விலை என்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?

போட்டோவில் அப்படித்தான் தெரியும். பெயின்ட்காரன் என்பதால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன். அந்தக் காரின் கறுப்புக்கு 'கமுய்' என்று பெயர். ஏழு அடுக்கு. நடுவில் மூன்று தடவை தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, கடைசியில் கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றுகிறார்கள். எந்தப் புதுக் காரையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். செஞ்சுரியில் அது இல்லை. எங்கள் ஷாப்புக்குப் பின் கதவில் கீறலோடு ஒரு பழைய கறுப்பு செஞ்சுரி வந்தது. ஒரு விரல் நீளக் கீறல்தான். அந்த ஒரு கதவை மற்ற மூன்று கதவுகளோடு சேர்ந்து நிற்க வைக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. நிறம் முதல் நாளிலேயே ஒத்துப்போய்விட்டது. கதவில் விழுந்த ட்யூப்லைட் பிம்பம் மட்டும் பக்கத்துக் கதவில் விழுந்ததைவிட ஒரு நூல் அளவு நெளிந்தது. அந்த நெளிவை எடுக்கத்தான் மீதி மூன்று நாளும்.

புது மாடலின் பின் தூணில் ஓரமாக ஒரு கோடு ஓடும், பார்த்திருக்கிறீர்களா? 'கிச்சோமென்' என்பார்கள். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹெய்யான் காலத்து மாளிகைகளில் மரத்தூணின் மூலையைச் செதுக்கிய முறை அது. பத்து பேரில் ஒன்பது பேர் அதைக் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். கிரில்லில் இருக்கும் பீனிக்ஸ் பறவைச் சின்னத்தின் அச்சையும் கையால்தான் செதுக்குகிறார்கள். வெளியே எங்கு தேடினாலும் டொயோட்டா சின்னம் கிடைக்காது.

'செஞ்சுரி' என்று ஏன் பெயர்?

தறி செய்து குடும்பத் தொழிலுக்கு அடித்தளம் போட்ட சகிச்சி டொயோடா பிறந்தது 1867. நூறு வருஷம் கழித்து, 1967ல் கார் வந்தது. முதல் மாடல் சின்னச் சின்ன மாற்றங்களோடு 1997 வரை ஓடியது. இரண்டாவது 2017 வரை, மூன்றாவது 2018ல். அரை நூற்றாண்டுக்கு மூன்றே வடிவம்.

அண்ணா, இவ்வளவு விலைக்குத் துணி சீட்டா? லெதர் கிடையாதா?

லெதரும் உண்டு தம்பி, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமாக வருவது கம்பளித் துணிதான். நானும் முதலில் உன்னை மாதிரிதான் நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. லெதரில் உடம்பை அசைத்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். கோட்டு சூட்டு போட்டவர் வழுக்குவார். வெயிலில் சுடும், பனிக்காலத்தில் சில்லென்று இருக்கும். கம்பளியில் இதெல்லாம் இல்லை. ஜன்னலில் வெள்ளை லேஸ் திரை. முதல் இரண்டு மாடல்களில் முன் இடது சீட்டின் முதுகில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் பின்னால் இருப்பவர் காலை அதன் வழியே நீட்டிக்கொள்ளலாம். இந்தக் காரில் எல்லா யோசனையும் பின் சீட்டில் தொடங்குகிறது.

இரண்டாவது மாடலில் பன்னிரண்டு சிலிண்டர் இருந்ததாமே?

ஆமாம், 5 லிட்டர் வி12. முன்னால் இன்ஜின், பின் சக்கர டிரைவ் வைத்த ஜப்பானியத் தயாரிப்புக் கார்களில் வி12 வந்தது இதில் மட்டும்தான். காகிதத்தில் காட்டிய சக்தி 280 குதிரை. அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பெனிகள் 280ஐத் தாண்டுவதில்லை என்று தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தன, 2004 வரை. பன்னிரண்டு சிலிண்டர் எதற்கென்றால் நிதானத்துக்கு. இரண்டு பக்க ஆறு சிலிண்டருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கத்து ஆறை வைத்து வண்டி வீடு சேரும். உள்ளே இருக்கும் பெரிய மனிதர் நடுரோட்டில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

லெக்ஸஸ் வந்தபோது ஜெர்மன்காரர்கள் ஆடிப்போனார்கள் என்று படித்தேன். உண்மையா? அப்படி என்ன செய்துவிட்டார்கள்?

உண்மைதான். இந்தக் கதையைச் சொல்ல எனக்கு அலுக்கவே அலுக்காது. 1983ல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகத்தின் மிகச் சிறந்த காரோடு போட்டி போடும் கார் நம்மால் முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸும் அதன் எல்எஸ் 400 காரும். தலைமை இன்ஜினியர் இச்சிரோ சுசுகி. வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேண்டும், பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும், சத்தமும் வரக் கூடாது என்று ஒன்றுக்கொன்று சண்டை போடும் இலக்குகளை வைத்தார். சத்தம் வந்தபின் பஞ்சு அடைத்து மூடுவது அவருக்குப் பிடிக்காது. சத்தம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே தீர்க்க வேண்டும். 'கென்ரியு', அதாவது ஊற்றுக்கண் என்று அதற்குப் பெயர். உதாரணமாக, இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடு ஜாயின்ட்டில் கொஞ்சம் கோணம் விழுந்தாலும் அதிர்வு வரும். எல்எஸ் 400ல் அதை நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் வைத்தார்கள். அதற்காக மொத்த வண்டியின் அமைப்பையே ஒத்துப்போக வைக்க வேண்டியிருந்தது.

1989 ஜனவரியில் டெட்ராய்ட்டில் காட்டினார்கள். பானெட் மேல் ஷாம்பெய்ன் கிளாஸ்களைக் கோபுரமாக அடுக்கி, ரோலர் மேல் சக்கரத்தைச் சுழல விட்டு, ஒரு சொட்டு சிந்தாமல் காட்டிய விளம்பரம் அந்தக் காருக்குத்தான். விலை 35,000 டாலர். அதே வருஷம் டிசம்பரில் பிரேக் லைட்டிலும் குரூஸ் கன்ட்ரோலிலும் குறை என்று சுமார் 8,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். வீட்டுக்கே வந்து எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, டேங்கை நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று வாரத்துக்குள் வேலை முடிந்தது. என்னைக் கேட்டால், லெக்ஸஸின் பெயர் நிலைத்தது அந்த மூன்று வாரத்தில்தான்.

ஜப்பானில் இதே கார் 'டொயோட்டா செல்சியோர்' என்று ஓடியது. அங்கே லெக்ஸஸ் பெயர் வந்ததே 2005ல்.

ஓட்டுவதற்கு ஜெர்மன் கார்தானே ருசி?

ஸ்டீயரிங்கில் சாலையை உணர வேண்டும், வளைவில் வேகம் வேண்டும் என்றால் ஆமாம். நான் வாதாட மாட்டேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இறங்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

சிமா என்று ஒரு கார் சொன்னீர்களே, கேள்விப்பட்டதில்லை.

1988ல் நிசான் விட்டது. ஜப்பானில் பணம் கொழித்த பபுள் காலம். விற்பனையைப் பார்த்து 'சிமா நிகழ்வு' என்றே ஒரு சொல் பிறந்தது. வேகமாக எடுத்தால் பின்பக்கம் தணிந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும். அதுவே அதன் அழகு. கசுயே இத்தோ என்ற நடிகை 1990ல் வாங்கிய சிமாவை முப்பது வருஷத்துக்கு மேல் தானே ஓட்டினார். 2021ல் நிசான் ஊழியர்கள் அதைப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே, 2022ல், சிமா தயாரிப்பு நின்றது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

ஜப்பானில் பழைய செஞ்சுரி மலிவு என்கிறார்கள். ஏன்? என்ன பார்த்து வாங்க வேண்டும்?

5 லிட்டர் இன்ஜினுக்கு வருஷா வருஷம் வரி அதிகம், பதின்மூன்று வருஷம் தாண்டினால் இன்னும் கூடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 'ஷாகென்' சோதனைச் செலவு வேறு. அதனால் இரண்டாவது ஓனர் தயங்குவார், விலை இறங்கும். ஆனால் இருபத்தைந்து வருஷம் தாண்டிய வெளிநாட்டுக் காரை உள்ளே விடும் அமெரிக்க விதிப்படி 1997 மாடல்கள் 2022 முதல் அங்கே போக ஆரம்பித்துவிட்டன.

எந்தப் பழைய ஜப்பான் சொகுசுக் காரிலும் ஏர் சஸ்பென்ஷனை, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளை, முதலில் பாருங்கள். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பாருங்கள், ஒரு மூலை தணிந்திருந்தால் செலவு காத்திருக்கிறது. எல்எஸ் 400ல் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகி நேராக ஆல்டர்னேட்டரில் விழும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். இதையெல்லாம் கவனித்தால் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஒரு 1996 எல்எஸ் 400 பத்து லட்சம் மைலைத் தொட்டிருக்கிறது.

இந்தியாவில் கிடைக்குமா?

செஞ்சுரி ஷோரூமில் கிடையாது. லெக்ஸஸ் 2017ல் வந்தது. இஎஸ் மாடலைக் கர்நாடகத்தில் பிடதியில் அசெம்பிள் செய்கிறார்கள். பின் சீட்டில் அமைதி வேண்டும் என்றால் அதில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

நீங்கள் செஞ்சுரியில் போயிருக்கிறீர்களா?

அந்தக் கதவை முடித்த அன்று. வண்டியை எடுக்க வந்த டிரைவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைக் கையுறை. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பின் கதவு முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து டையை நேராக்கிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லி, ஷாப்பிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டார். ஆறு நிமிஷம். சிக்னலில் நின்றபோது இன்ஜின் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.