நாயைப் பிள்ளையாக எண்ணுவது தவறா?

கேள்வி: தந்தையார் காலமான பின் என் தாயார் உப்புவெளியில் தனியே வசிக்கிறார். வளர்ப்பு நாயைத் "தம்பி" என்றழைத்து, மணிக்கணக்கில் அதனுடன் பேசுகிறார். இது மனநலக் குறைவின் அறிகுறியா?
– வாசகி, திருகோணமலை

பதில்: இல்லை, அஞ்ச வேண்டாம். விலங்குகளிடம் மனித மனத்தை ஏற்றிப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள இயல்பு. உளவியலாளர் நிக்கலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2007 இல் முன்வைத்த விளக்கத்தின்படி, பிறருடன் உறவாடும் தேவை நிறைவேறாதபோது இவ்வியல்பு வலுப்படுகிறது. ஆகவே தாயாரின் பேச்சை அவருடைய தனிமையின் அளவாகக் கொள்ளுங்கள். நாயைத் தடவிக்கொடுப்பது மன இறுக்கத்தைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல மனிதர்தான் வேண்டும்.

நாயை மனிதராகவே எண்ணுவதால் புதிய மனச்சுமையும் வரலாம். நாய் குற்ற உணர்வோடு பார்க்கிறது என்று வருந்துவோர் பலர். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009 இல் வெளியிட்ட ஆய்விலோ, தவறு செய்ததோ இல்லையோ, உரிமையாளர் கண்டித்தபோதே நாய்கள் அப்பார்வையை அதிகம் காட்டின. நாய் தன்னை வெறுக்கிறது, பழிவாங்குகிறது என்றெல்லாம் தாயார் கலங்கினால் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வெங்காயம் சேர்ந்த கறிச்சோற்றைப் பாசத்தோடு ஊட்டுவதும் கூடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அவரைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். அயலவரோ உறவினரோ ஒருவர் அடிக்கடி வந்துபோக ஒழுங்கு செய்யுங்கள். வருபவர் நாயின் நலம் விசாரித்துத் தொடங்கினால், தாயார் தம் மனத்தில் உள்ளதையும் பேசுவார்.