கிராபிக்ஸ் கார்டு 84, 85 டிகிரி போகிறது, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகுமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: கேமிங் கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கேம் ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் கார்டு 84, 85 டிகிரிக்குப் போய்விடுகிறது, ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துகிறது. கார்டின் சிப்புக்கும் அதன் மேல் சூட்டை வாங்கும் உலோகத்துக்கும் நடுவே தடவியிருக்கும் பேஸ்ட்டை மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். அவசரப்பட்டுக் கழற்றியவன் நான், பட்டதைச் சொல்கிறேன்.

என்னுடையது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, இரண்டு ஃபேன் உள்ள கார்டு. ஊர் வேலூர். என் அறைக்கு மேலே மொட்டை மாடிதான். கத்திரி வெயில் நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கும் உள்ளே 36 டிகிரி இருக்கும். அப்படி ஒரு மே மாதத்தில்தான் கார்டு 83-ல் போய் ஒட்டிக்கொண்டது. நான்கைந்து வீடியோ பார்த்தேன். எல்லாரும் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்றார்கள். நானும் அதையே முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்துக் கார்டைப் பிரித்துவிட்டேன்.

சிப்புக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூ. அதுவரை சுலபம். ஹீட்சிங்க், அதாவது சிப்பின் சூட்டை வாங்கும் அந்த உலோகம், வரவில்லை, கொஞ்சம் பலம் கொடுத்து இழுத்தேன், பொளக்கென்று வந்தது. வரும்போது மெமரி சிப்புகள் மேல் இருந்த தெர்மல் பேடு இரண்டு கிழிந்துவிட்டது. சாம்பல் நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு, ரப்பர் மாதிரி இருக்குமே, மெமரி சிப்புகளின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பட்டை, அதுதான். கடையில் கேட்டேன், 2 எம்எம் பேடு இருக்கிறது என்றார்கள். தடிமன் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து வாங்கி ஒட்டினேன். திரும்பப் பூட்டி ஓட்டினால் ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பிலேயே அதிகம் சூடான புள்ளி, 104 டிகிரி! கேம் திக்கித் திக்கி நடந்தது.

லேப்டாப் சர்வீஸ் செய்யும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்ததும் திட்டவில்லை, சிப்பைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க தம்பி, ஒரு மூலையிலதான் பேஸ்ட் நசுங்கியிருக்கு. மீதி எல்லாம் நீங்க தடவுன மாதிரியே இருக்கு. பேடு தூக்கிப் புடிச்சிக்கிச்சு, ஹீட்சிங்க் சிப்பு மேல உக்காரவே இல்ல.” என் கார்டுக்கு வேண்டியது 1 எம்எம். அதைப் போட்டு, புது பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். மறுபடியும் 83. கிளாக் வேகம் (சிப் வேலை செய்யும் வேகம்) மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் மேலே நின்றது, அவ்வளவுதான்.

விஷயம் வேறு இடத்தில் இருந்தது. நம் ஊர் கம்ப்யூட்டர் டேபிள்களில் சிபியு வைக்கவென்று ஒரு சின்ன அறை இருக்கும் தெரியுமா? மூன்று பக்கமும் பிளைவுட், முன்னால் கதவு, பின்னால் ஒயர் போக ஒரு ஓட்டை. என் பெட்டி அதற்குள்தான் இருந்தது. அம்மா வீடு துடைக்க அதை வெளியே இழுத்துத் தரையில் வைத்திருந்தார். உள்ளே தள்ளச் சோம்பல்பட்டு அப்படியே விளையாடினேன். 74 டிகிரி. அதே கேம், அதே இடம், அதே அறை. அம்மாவிடம் சொன்னேன். “பொட்டிக்குள்ள பொட்டிய வச்சு மூடுனா சூடாவாம என்னடா ஆவும்?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதனால் உங்களுக்கு முதல் வேலை, சூடு எங்கே தங்குகிறது என்று பார்ப்பது. கார்டின் வெப்பத்தைக் காட்டும் ஜிபியு-இசட் அல்லது ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். வழக்கமான கேமை இருபது நிமிடம் ஓட்டி நான்கு எண்களைக் குறியுங்கள்: கார்டின் வெப்பம், ஹாட்ஸ்பாட், கிளாக் வேகம், அறையின் வெப்பம். பிறகு கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே இருபது நிமிடம். எட்டு பத்து டிகிரி இறங்கினால் கார்டில் குற்றமில்லை, பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால் கார்டைச் சந்தேகப்படலாம்.

கிளாக் வேகத்தை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், நிறைய என்விடியா கார்டுகளில் 83 டிகிரி என்பது முன்கூட்டியே வைத்திருக்கும் இலக்கு. அதைத் தொட்டதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு சூட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். வெப்பம் 83-லேயே நிற்கிறது, பரவாயில்லை என்று நாம் நினைப்போம். அடியில் கிளாக் 1900 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1700-க்கு இறங்கியிருக்கும். 3060 டிஐக்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி போன்ற கார்டுகளில் ஹாட்ஸ்பாட் 110 வரை போகலாம் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆகவே 85-ல் கார்டு எரிந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. வரம்பு மீறினால் அதுவே அணைந்துகொள்ளும். உங்களுக்கு நஷ்டமாவது வேகமும் காதும்.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்கள் “எனக்கு 65 டிகிரிதான்” என்று எழுதுவதைப் படித்து வயிறு எரியாதீர்கள். அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அவர் அறை 20, என் அறை 36. அவருடைய 65-ம் என்னுடைய 81-ம் ஒன்றுதான்.

காற்றோட்டம்தான் பிரச்னை என்று தெரிந்தால் வேலை சுலபம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்கவும் பின்பக்க ஃபேன் வெளியே தள்ளவும் வேண்டும். ஃபேனில் ஸ்டிக்கரும் தாங்கு கம்பிகளும் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கமாகத்தான் காற்று போகும். நண்பன் வீட்டில் அசெம்பிள் செய்தவர் பின் ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டு, ஒன்றரை வருடம் அது வெளிக்காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டுகள் பார்க்க அழகு, மூச்சுவிட இடம் கிடையாது.

தூசிக்கு பிளோயர் போதும், ஆனால் ஊதும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போகும். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் சமையலறையோ சாமி அறையோ இருந்தால் தூசி எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கும், வெறும் காற்றுக்கு வராது. சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு ஊத வேண்டும்.

எனக்கு அதிகம் பலன் கொடுத்தது அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. மூடியைக் கூடத் தொட வேண்டாம், காசும் கிடையாது. ஒரு சிப் இழுக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். என் கார்டு முழு வேகத்தில் 1.05 வோல்ட் வரை எடுத்துக்கொண்டிருந்தது. அதை 0.9-க்கு இறக்கினால் கணக்குப்படி கால் பங்குக்கு மேல் மிச்சம், வேகமோ கொஞ்சம்தான் குறையும். எந்தச் சிப்பும் தடுமாறக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தாராளமாக வைத்துவிடுகிறார்கள், நாம் அந்தத் தாராளத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

கார்டின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து கண்ட்ரோல் பட்டனோடு எஃப் அழுத்தினால், எந்த மின்னழுத்தத்துக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஒரு வளைகோடு வரும். 900 மில்லிவோல்ட் புள்ளியை 1850 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அதற்கு வலப்பக்கம் இருக்கும் எல்லாப் புள்ளிகளையும் அந்த உயரத்துக்கு மேல் போகாமல் படுக்கவைத்து, அப்ளை கொடுத்தேன். 200 வாட்டைத் தொட்டுக்கொண்டிருந்த கார்டு 155 பக்கம் வந்தது. வெப்பம் 74-லிருந்து 67. எஃப்பிஎஸ் (விநாடிக்குத் திரையில் வரும் படங்கள்) 90-லிருந்து 87. ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. என் எண்களை அப்படியே போடாதீர்கள், ஒவ்வொரு சிப்பும் ஒரு மாதிரி. கேம் மூடிக்கொண்டால் 15 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். வளைகோடெல்லாம் தலைவலி என்பவர்கள் பவர் லிமிட் ஸ்லைடரை 80 சதவீதத்துக்கு இழுத்துவிட்டாலே பாதி பலன் கிடைத்துவிடும்.

மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் எஃப்பிஎஸ்ஸை 75-ல் நிறுத்துங்கள். சில கேம்களில் வெறும் மெனு திரையே 300 எஃப்பிஎஸ்ஸில் ஓடிக் கார்டை வேகவைக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலிலேயே இதற்கு வழி இருக்கிறது.

பக்க மூடியைக் கழற்றியும் இறங்கவில்லை, தூசியும் இல்லை, கார்டு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 25 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்றால், அப்போது பேஸ்ட்தான். 10, 15 டிகிரி இடைவெளி சாதாரணம். வாரண்டி மிச்சமிருந்தால் பிரிக்காமல் அங்கேயே கொடுங்கள். இல்லையென்றால், பேடு தடிமனை உங்கள் கார்டின் சரியான மாடல் பெயரைப் போட்டுத் தேடித் தெரிந்துகொண்டுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். ஒரே 3060 டிஐ என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி பேடு மாறும். ஒரே கார்டில் இரண்டு மூன்று தடிமனும் இருக்கும். பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே கழற்றினால் பேஸ்ட் இளகியிருக்கும், என்னைப் போல் இழுத்துக் கிழிக்க வேண்டியதில்லை. ஃபேன் ஒயரின் கனெக்டர் நகக்கண் அளவுதான் இருக்கும், அதையும் ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

மூடியோடும் மூடி இல்லாமலும் வந்த எண்களையும் கேபினட் மாடலையும் கீழே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டேபிள் அறைக்குள் வைத்திருந்தால் மட்டும் எனக்கு எழுதுவதற்கு முன் வெளியே இழுத்துவிடுங்கள்.