அந்தத் தாளை நீங்களே நிரப்புங்கள்

கேள்வி: திருமணமாகி வெளிநாடு வந்த எனக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். மருத்துவமனையில் என் மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்டார்கள். இந்த நாட்டு மொழி எனக்கு வராது. மாமியார் பக்கத்தில் இருக்க, கணவரே மொழிபெயர்த்து, 'நன்றாக இருக்கிறாள்' என்று முடித்துவிட்டார். ஆனால் குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை. உண்மையைச் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ?

பதில்: அன்று பதில் சொன்னது உங்கள் கணவர். ஆகவே உங்களுக்கு இன்னும் பரிசோதனை நடக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அது பெரும்பாலும், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளாக இருக்கும். கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். தாய் தன் கையால் நிரப்புவதற்கென்றே எழுதப்பட்டது. அழுகையும் தூக்கமின்மையும் அதில் உண்டு. கடைசிக் கேள்வி, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மாமியார் முன்னால், கணவர் வாய்வழியே, எந்தப் பெண் இதற்கு 'ஆமாம்' என்பாள்? நானும் சிரித்து மழுப்பியிருப்பேன்.

இந்தத் தாள் தமிழிலும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். 'எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வீட்டார் வேண்டாம்' என்ற ஒரு வரியை அந்நாட்டு மொழியில் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் பல இடங்களில் தொலைபேசி வழியாகவும் மொழிபெயர்ப்பார்கள். தனியாக நேரம் வாங்கத் தயக்கமா? குழந்தையின் தடுப்பூசி நாளிலேயே கேட்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1, 2, 4, 6 மாத வருகைகளில் தாயையும் இப்படிக் கேட்கச் சொல்கிறது.

பிரசவித்த சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மூன்று மாதமாக நீடிப்பது அதுவல்ல. தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள். அவையும் இப்படிச் சோர்வைத் தரும்.

பயத்துக்கு வருகிறேன். மதிப்பெண் கூடினால் நோய் என்று முத்திரை குத்துவதில்லை. விரிவாகப் பேச அழைப்பார்கள், அவ்வளவுதான். மனச்சோர்வு என்பதற்காகக் குழந்தையைப் பிரிப்பது வழக்கமில்லை. சொல்வதில் எதை யாருக்குத் தெரிவிப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால், காதில் குரல் கேட்டால், நேரம் வாங்கிக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவு.

கணவர்மேல் கோபம் வேண்டாம், அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். அடுத்த முறை அந்த அரைமணி நேரம் குழந்தையோடு வெளியே உட்காரச் சொல்லுங்கள்.