நாலு பக்கம் தாண்டுவதற்குள் கை போனுக்குப் போகிறதே!

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். ஆசைப்பட்டு வாங்கிய புத்தகம் அப்படியே கிடக்கிறது, எடுத்தாலும் ஓடமாட்டேன் என்கிறது, எப்படித்தான் மற்றவர்கள் படிக்கிறார்களோ என்று. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, வாசிப்பைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு காலத்தில் தடிமனான நாவல்களை விடிய விடியப் படித்து முடித்தவள் நான். இப்போது நாலு பக்கம் தாண்டுவதற்குள் கை தானாகப் போனைத் தேடுகிறது. ஒரே பத்தியை மூன்று தடவை படித்தும் ஒன்றும் ஏறவில்லை. மூளை மந்தமாகிவிட்டதா?

பதில்: மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நிமிடத்துக்கு ஒரு புதுச் சமாச்சாரம் என்று பழகிய மனசுக்கு ஒரே விஷயத்தோடு அரை மணி நேரம் உட்கார்வது அந்நியமாகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படிக்கும்போது மனம் அலைவது எல்லோருக்கும் நடப்பது, நன்றாகப் படிப்பவர்களுக்கும்தான். அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஸ்கூலரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆட்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, நடுநடுவே நிறுத்தி "இப்போது மனம் புத்தகத்தில் இருக்கிறதா?" என்று கேட்டால், அங்கே இல்லை என்ற பதில் அடிக்கடி வருகிறது. வேடிக்கை என்னவென்றால், கேட்கும் வரை தான் விலகிப் போனதே பலருக்குத் தெரிவதில்லை. 2010இல் வெளியான ஆய்வொன்றில் இப்படிப் படிப்பவர்களின் கண்ணசைவையும் பதிவு செய்தார்கள். சாதாரணமாக நம் கண் பழக்கமான சொல்லைச் சட்டென்று கடந்துவிட்டு, அரிதான சொல்லில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். மனம் வெளியே போனதும் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. கண் வரிகளின் மேல் மேய்ந்துகொண்டே போகிறது, பக்கமும் புரள்கிறது, படிப்பு மட்டும் நடக்கவில்லை. உங்கள் "மூன்று தடவை படித்தும் ஏறாத பத்தி" இதுதான்.

ஆக, மனம் அலையாமல் படிப்பது என்ற இலக்கையே விட்டுவிடுங்கள். அலைந்ததைக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதுதான் வேலை. முதலில் நாலு பக்கம் கழித்துத் தெரியும், அப்புறம் ஒரு பக்கத்தில் தெரியும், நாள்பட நாலு வரியில் தெரிந்துவிடும். திரும்பும்போது அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போகாதீர்கள், அது தண்டனை மாதிரி ஆகிவிடும். கடைசியாக எது தெளிவாக நினைவிருக்கிறதோ அந்த வரிக்குப் போனால் போதும். பெரும்பாலும் அரைப் பக்கம்தான் இருக்கும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, போனை மேஜையில் குப்புற வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் சில சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்றது. பின்னால் அதே மாதிரி செய்து பார்த்த எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அந்தச் சர்ச்சையே தேவையில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுப்போம், எழுந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்றால் பாதி தடவை சோம்பேறித்தனமே நம்மைக் காப்பாற்றிவிடும். சைலண்டில் போடுவதெல்லாம் போதாது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தால் மனத்தின் ஒரு பங்கு அந்த வேலையிலேயே தங்கிவிடும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதினார், அலுவலக வேலைகளை வைத்துத்தான், ஆனால் நமக்கும் அப்படியே பொருந்துகிறது. அதனால் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு ஒரு வெற்றுத்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு பென்சில். படித்துக்கொண்டிருக்கும்போது "அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லையே" என்று தோன்றும். உடனே தாளில் "மெயில்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். தாளில் ஏறியதும் அது மனத்தைப் பிறாண்டுவது குறைந்துவிடும். புத்தகத்தை மூடிய பிறகு பார்த்தால், எழுதியதில் பாதி அவசரமே இல்லாத சங்கதியாக இருக்கும்.

நேரம் பத்து நிமிடத்தில் தொடங்கட்டும், பக்கக் கணக்கு வேண்டாம். பக்கக் கணக்கு வைத்தால் கண் ஓடும், மனம் ஓடாது. பத்து நிமிடம் உறுத்தாமல் போகிறது என்று தெரிந்த பிறகு பதினைந்தாக்குங்கள், அப்புறம் இருபது. முதல் ஐந்து நிமிடம் எப்போதும் கனமாகத்தான் இருக்கும், ஏனென்றால் யார், எங்கே, எதற்கு என்பதையெல்லாம் மனம் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. பலர் அந்த ஐந்து நிமிடத்திலேயே "இன்றைக்கு மூடு இல்லை" என்று எழுந்துவிடுகிறார்கள். நேற்று படித்த கடைசி அரைப் பக்கத்தை மறுபடி படித்துவிட்டு மேலே போனால் அந்த ஏற்றம் குறையும். நிறுத்தும்போதும் அத்தியாய முடிவில் நிறுத்தாமல், கதவு தட்டப்பட்டது, யார் வந்தது என்று தெரியவில்லை என்கிற மாதிரி இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மறுநாள் புத்தகம் தானாகக் கூப்பிடும்.

கேள்வி: எந்தப் பழக்கமும் 21 நாள் செய்தால் படிந்துவிடும் என்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் வாசிப்பது என்று முடிவெடுத்தேன், ஐந்தாம் நாள் விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமா?

பதில்: அந்த 21 மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழகவே நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பதுதான் அவர் கவனித்தது. "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் குழுவும் நிஜமாகவே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி ஒரு செயல் தன்னியல்பாக மாற ஏறக்குறைய 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். எனவே எண்ணுவதை விடுங்கள், இன்றைக்குப் படியுங்கள்.

ஒரு மணி நேரம் என்பது தீர்மானம் எடுக்கிற அன்றைக்கு இருக்கிற உற்சாகத்தின் அளவு. சோர்ந்து போன ஒரு நாளில் உங்களால் எவ்வளவு முடியுமோ அதைத்தான் இலக்காக வைக்க வேண்டும். அப்புறம், "தினமும் படிப்பேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். இரவு பல் துலக்கியதும், இந்த நாற்காலியில், இந்தப் புத்தகம் என்று. புத்தகத்தை அந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: நான் ரொம்ப மெதுவாகப் படிக்கிறேன். வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா? நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்கலாம் என்று விளம்பரம் பார்த்தேன்.

பதில்: காசை மிச்சப்படுத்துங்கள்.

படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. அந்த நிறுத்தத்தில்தான் சொல் உள்ளே போகிறது, அப்போதும் தெளிவாகத் தெரிவது கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள்தான். அவ்வப்போது பின்னாலும் தாவுவோம். விளம்பரக்காரர்கள் இந்தப் பின்தாவலைக் கெட்ட பழக்கம் என்பார்கள். புரியாததைச் சரிபார்க்கத்தான் பெரும்பாலும் கண் திரும்பிப் போகிறது, அதைத் தடுத்தால் புரிதல் அடிபடும். வாசிப்பின்போது கண்ணசைவை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கீத் ரெய்னரும் சகாக்களும் 2016இல் இந்தப் பயிற்சிகளையெல்லாம் அலசிவிட்டுச் சொன்னது, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறைகிறது, இரண்டையும் சேர்த்துத் தரும் குறுக்குவழி எதுவும் இல்லை என்பதுதான்.

ஆங்கிலத்தில் கதையல்லாத நூல்களை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி நிமிடத்துக்கு 238 சொல் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2019இல் கணக்கிட்டது. இதைத் தமிழோடு ஒப்பிட்டு வருத்தப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லில் சொல்வதை நாம் "வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்" என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறோம், சொல் எண்ணிக்கை எப்படி ஒத்துப்போகும்?

உண்மையில் வேகத்தைத் தருவது, படிக்கும் விஷயம் முன்பே கொஞ்சம் தெரிந்திருப்பது. 1988இல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே கனமான வரலாற்று நூலோ அறிவியல் நூலோ எடுத்தால், முதலில் அதே விஷயத்தில் ஒரு எளிய கட்டுரை படித்துவிட்டு உள்ளே போங்கள். சிறுவர்களுக்கு எழுதப்பட்ட நூலாக இருந்தாலும் கூச்சம் வேண்டாம். பெயர்களும் காலமும் பழக்கமாகிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

கேள்வி: படித்து முடித்த ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. எதற்குப் படிக்க வேண்டும்?

பதில்: நாவல் என்றால் மறந்துவிட்டுப் போகட்டும், பரீட்சையா எழுதப் போகிறீர்கள்? விஷய நூல் என்றால் கோடு போடுவதோ திரும்பத் திரும்பப் படிப்பதோ பெரிதாக உதவாது. ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன சொன்னார் என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் நடத்திய சோதனையில், மறுபடி மறுபடி படித்தவர்களைவிட நினைவுபடுத்திப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். உடனடியாகச் சோதித்தபோது முடிவு தலைகீழாக இருந்தது. திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிம்மதி வருகிறதே, நாம் ஏமாறுவது அதில்தான்.

கேள்வி: வயது 46. புத்தகத்தை எடுத்தாலே தலைவலி, கால் மணி நேரத்தில் தூக்கம். கவனம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பதில்: கவனத்தைச் சந்தேகப்படும் முன் கண்ணைச் சந்தேகப்படுங்கள். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறையும். எல்லோருக்கும் வருவதுதான். புத்தகத்தைப் பிடித்திருக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகிறதா, வெளிச்சம் போதவில்லை என்று அடிக்கடி விளக்கைத் திருப்புகிறீர்களா? கண் மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாசிப்புக் கண்ணாடியில் தீரக்கூடியதை மன உறுதியால் சரிசெய்யப் பார்ப்பது வீண் பாடு. கண்ணாடி போட்டும் தலைவலி நிற்கவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு, படுத்துக்கொண்டு படிப்பதை நிறுத்தினாலே போதும். நாள் முழுக்க உழைத்த உடம்பைச் சாய்த்துவிட்டு, தூங்காதே என்றால் அது கேட்குமா?

கேள்வி: ஆடியோ புத்தகம் கேட்டால் படித்த கணக்கில் வருமா? மின்நூல்?

பதில்: யார் கணக்கு எழுதுகிறார்கள்? கதைகளைத் தாராளமாகக் கேளுங்கள். மின்திரையைப் பற்றி 2018இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு இருக்கிறது: தகவல் நூல்களில் அச்சுக்குச் சற்றே கூடுதல் புரிதல், கதைகளில் வித்தியாசம் இல்லை. போனில் படிப்பதில் எனக்கு இருக்கும் ஒரே ஆட்சேபம், அதே போனில்தான் மற்ற எல்லாமும் இருக்கிறது.

கேள்வி: எடுத்த புத்தகத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்பது என் கொள்கை. மூன்று மாதமாக ஒரே புத்தகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் கொண்டாடும் புத்தகம் அது.

பதில்: உங்களை மூன்று மாதமாகப் படிக்கவிடாமல் வைத்திருப்பது உங்கள் கொள்கைதான். கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று விசாரித்துப் பாருங்களேன். சில புத்தகம் நல்லதாகவே இருக்கும், நமக்கு அதற்கான வேளை வந்திருக்காது. எடுத்து அலமாரியில் வையுங்கள், இரண்டு வருடம் கழித்து அதுவே இழுத்துக்கொண்டு போனாலும் போகும். இப்போதைக்கு மெலிந்த, வேகமாக ஓடுகிற ஒன்றை எடுங்கள், துப்பறியும் கதையானாலும் சரி. ஓட்டம் பிடித்த பிறகு கனமான ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெளிவாக இருக்கிற நேரத்தில் அது, களைத்த நேரத்தில் இது என்று மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

எப்போது விடுவது என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொண்டு, மீதி எவ்வளவோ அத்தனை பக்கம் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம், தொண்ணூறு என்றால் பத்தே பக்கம். நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யலாமாம். நீங்கள் கடிதத்தில் வயதைக் குறிப்பிடவில்லை, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.