ஈரானிய தூக்: உப்பு முதலில், சோடா கடைசியில்

கேள்வி: ஈரானில் கபாபுடன் குடிக்கும் 'தூக்', நம் நீர்மோர்தானே?

பதில்: பங்காளி என்று சொல்லலாம். கிராமங்களில் 'மஷ்க்' என்ற ஆட்டுத்தோல் பையில் தயிரை ஆட்டி, வெண்ணெய் எடுத்த மோர்தான் பழைய தூக். ஆனால் இஞ்சி, பச்சைமிளகாய், தாளிப்பு எதுவும் அதில் சேராது. புளிப்பு, உப்பு, காய்ந்த புதினா, அவ்வளவுதான்.

கேள்வி: நாலு பேருக்கு அளவு சொல்லுங்கள் சார்.

பதில்: புளித்த கெட்டித் தயிர் 2 கப், குளிர்ந்த தண்ணீர் 3 கப், உப்பு முக்கால் டீஸ்பூன், புதினாத் தூள் 1 டீஸ்பூன். முதலில் தயிர், உப்பு, புதினா மூன்றையும் தண்ணீர் விடாமல் மத்தால் அடியுங்கள். கரண்டியில் எடுத்து விட்டால் அறுபடாமல், பளபளவென்று வழிய வேண்டும். பிறகு தண்ணீரைக் கால் கப், கால் கப்பாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டிகள் மத்துக்குச் சிக்காமல் நழுவும்; குடிக்கும்போது திப்பிதிப்பியாக வாயில் படும். புதினா ஊற 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஐஸ் கரைந்தால் உப்பு சப்பென்றாகும், அதனால் தண்ணீரையே குளிர வைப்பது நல்லது.

கேள்வி: மிக்ஸியில் அடித்தேன், மேலே வெண்ணெய் திரண்டுவிட்டது.

பதில்: கொழுப்பு எடுக்காத தயிரை அவ்வளவு வேகத்தில் அடித்தால் வேறென்ன வரும்! மத்தே போதும்.

கேள்வி: பச்சைப் புதினா போடலாமா?

பதில்: போட்டால் சட்னி வாசம் வரும். இலையை நிழலில் காய வைத்து (வெயிலில் கறுத்து மணம் போய்விடும்), உள்ளங்கையில் தேய்த்து, காம்பைப் பொறுக்கி எறியுங்கள். அங்கே 'காக்கூத்தி' என்ற மலை மூலிகையும் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் குறையில்லை.

கேள்வி: சோடா ஊற்றியதும் பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. ஏன்?

பதில்: சோடாவில் உப்பைப் போட்டிருப்பீர்கள். கரையாத உப்புத் துகளைச் சுற்றி வாயு குபுகுபுவென்று கிளம்பும். உப்பைத் தயிரிலேயே கரைத்து, 1 கப் தண்ணீரில் தளர்த்தி, மீதி 2 கப்புக்குக் குளிர்ந்த சோடாவை ஜாடியின் ஓரமாக வழியவிட்டு, ஒரே ஒரு சுற்று கிளறுங்கள். தெஹ்ரானுக்குக் கிழக்கே மலையிலுள்ள ஆப்அலி என்ற ஊர் இந்த நுரைக்கும் தூக்குக்குப் பேர் போனது.

கேள்வி: வைத்திருந்தால் தெளிநீர் தனியாகப் பிரிகிறதே, கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, கனமான தயிர்த் துகள் அடியில் தங்குகிறது. குலுக்கிக் குடியுங்கள். சோடா சேர்த்ததை மட்டும் குலுக்காதீர்கள்.

கேள்வி: மிஞ்சினால்?

பதில்: சோடா கலக்காததென்றால் வெள்ளரி, உலர்திராட்சை, வால்நட், காய்ந்த ரொட்டித் துண்டு போட்டு 'ஆப்தூக் கியார்' ஆக்குங்கள். ரொட்டியைச் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள், முன்பே போட்டால் கூழாகிவிடும்.